மைதானத்தின் திறப்பு யாரிடம்?

தோப்பூரில் பிள்ளைகள் விளையாட இடமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. இடம் இருக்கிறது. பாடசாலை விட்டதும் வாயில் பூட்டப்படுகிறது, அவ்வளவுதான். கிழக்கின் வேறு ஊர்களிலும் இந்தக் கதை உண்டு.

5 முதல் 17 வயது வரையானோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் உடலசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019இல் அதன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், உலகில் 11 முதல் 17 வயது வரையானோரில் 81 சதவீதத்தினர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85.

எங்களுக்கு அந்த 60 நிமிடம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்தான் கிடைக்கும். வெயில் தணியும் அந்த நேரத்தைத்தான் டியூசனும் பிடித்து வைத்திருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகம் பெற்றோரையும் வகுப்பு நடத்துவோரையும் கூட்டி, வாரத்தில் இரண்டு மாலைகளை விடுவித்தாலே பெரிய காரியம். (நோன்பு மாதத்தில் இந்தக் கணக்கு மாறும். அப்போது தராவீஹுக்குப் பிறகு வெளிச்சமுள்ள இடம் வேண்டும்.)

அடுத்தது திறப்பு. ஜன்னல் உடைந்தாலும் பிள்ளையின் கை முறிந்தாலும் கேள்வி அதிபரிடம்தான் வரும். அவர் பூட்டுவதில் நியாயம் உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பதிவுசெய்த விளையாட்டுக் கழகமொன்றும் ஒரு தாளில் எழுதி ஒப்பமிடலாம்: திறப்பு யார் கையில், எத்தனை மணிக்குப் பூட்டுவது, சேதத்துக்கு யார் பணம், முதலுதவிப் பெட்டி எங்கே. பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரைச் சாட்சியாக வைத்தால் அதிபர் மாறினாலும் தாள் நிற்கும். விளக்கையும் குப்பையையும் பிரதேச சபையிடம் கேட்கலாம்.

ஹிக்கடுவைக்குப் பக்கத்துச் சீனிகமவில் குஷில் குணசேகர 1999இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஒஃப் குட்னஸ், சுனாமிக்குப் பின் வெளிநாட்டுக் கிரிக்கெட் கழகங்களின் உதவியோடு கிராமத்திலேயே மைதானம் அமைத்தது. 2012இல் அது வடக்கில் முரளி நல்லிணக்கக் கிண்ணத்தையும் ஆரம்பித்தது. கிண்ணம் சில நாட்களில் முடிந்துவிடும். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த மைதானம்தான்.

பெண் பிள்ளைகளின் 85ஐ எப்படிக் குறைப்பது? வலைப்பந்தாட்டத்துக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் போதும், மதில் உள்ள பாடசாலை வளவுக்குள் அடங்கிவிடும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இந்த ஆட்டத்தில்தான் இலங்கை அணிக்குத் தூணாக நின்றார். எங்கள் பெற்றோர் கேட்பது இரண்டுதான்: பயிற்றுவிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், மஃரிபுக்கு முன் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். அப்படியொரு ஆசிரியை வெளியூரிலிருந்து வந்து போகும் பஸ் காசை யார் தருவது என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.