ஈயத்தில் சுருண்ட நாகம்
(சிங்கை அச்சுக்கூடங்களின் கதை – 4)

சென்ற வாரம் 1872-இல் நின்றோம். நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ சிங்கப்பூரில் அச்சேறிவிட்டது. அச்சிட்டவரோ அரசாங்க அச்சக அதிகாரி ஜே. பேட்டன். பாட்டு நம்முடையது, பட்டறை வெள்ளைக்காரருடையது. பட்டறையும் நம் கைக்கு வந்தால்?

வந்தது. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவைச் சிங்கப்பூர் கொண்டாடிய நாள், 1887 ஜூன் 27, திங்கட்கிழமை. சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். அச்சுக்கூடத்தின் பெயர் தீனோதயம். ‘தீன்’ என்றால் இஸ்லாமிய மார்க்கம். யாருடைய கூடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில் அந்தக் கூடத்துக்குள் முருகனும் வந்து சேர்ந்தான்!

அழைத்து வந்தவர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைக்காரர், சி. ந. சதாசிவ பண்டிதர். அவர் கொண்டுவந்த கட்டில் முருகனைப் பாடும் ‘சிங்கை நகர் அந்தாதி’ இருந்தது. அதை அச்சுக் கோப்பதில் சிக்கல் இல்லை. கூடவே ‘சித்திர கவிகள்’ இருந்தன. அங்கேதான் அச்சுக்கோப்பவருக்குத் தலைவலி ஆரம்பித்திருக்க வேண்டும்.

சித்திரகவியில் பாட்டு படமாகவும் நிற்க வேண்டும். தேர் வடிவில் எழுத்துகளை அடுக்கினால் இரத பந்தம். பின்னிக்கொண்ட பாம்புகளின் உடலில் நிரப்பினால் நாக பந்தம்; பாம்புகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்திலெல்லாம் ஒரே எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொருந்தியாக வேண்டும். ஓலையில் எழுத்தாணியை எந்தப் பக்கமும் வளைக்கலாம். ஈய எழுத்து வளையுமா? ஒவ்வொன்றும் நாலு பக்கமும் நேராக வார்த்த கட்டை. நேர்வரிசையில் நிற்கத்தான் அதற்குத் தெரியும். பிசகினால் உருளை ஓடும்போது எழுத்து உதிர்ந்துவிடும். போதாக்குறைக்கு, கோப்பவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இடவலம் மாறிய எழுத்து. அன்று றா, னா, ணை, லை போன்றவற்றுக்குத் தனித்தனி வார்ப்பு வேறு. எழுத்துப் பெட்டியில் நூற்றுக்கணக்கான அறைகள்; கை எங்கெல்லாம் போய்த் துழாவியிருக்கும்!

ஒல்லாந்தருக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பால்டியஸ், 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் மலபார், சோழமண்டலக் கரை பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். அதில் தமிழ் நெடுங்கணக்கைத் தகட்டில் பொறித்து அச்சிட்டார்கள். தகட்டில் பொறிக்கிறவனுக்குப் பாம்பு சுருண்டால் என்ன, தேர் சாய்ந்தால் என்ன? பார்த்ததை வெட்டிக்கொண்டே போகலாம், தமிழே தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகட்டைக் கலைத்து அடுத்த வாரத்துச் செய்திக்குப் பயன்படுத்த முடியாது. ஈயத்தை முடியும். வாரப் பத்திரிகை நடத்துகிறவருக்கு வேறு வழி ஏது?

இன்று தேக்காவில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்தை வளைக்க மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். பொறாமையாக இருக்கிறது, பண்டிதரை நினைத்தல்ல, அந்த அச்சுக்கோப்பவரை நினைத்து. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மகுதூம் சாயபுவுக்கு இது முதல் பத்திரிகை அல்ல. 1875-இலேயே ‘சிங்கை வர்த்தமானி’ நடத்தியவர். அதில் ஒரு தாள்கூட இன்று கைக்குக் கிடைக்கவில்லை. ‘சிங்கை நேசன்’ பிழைத்துக்கொண்டது. விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தின் மைக்ரோஃபிலிமில், 1890 ஜூன் வரை அதைப் புரட்டலாம்.

புரட்டிக்கொண்டே வந்தால் 1888-இல் கை நின்றுவிடும். ‘வினோத சம்பாஷணை’ என்று ஒரு தலைப்பு. எழுதியவர் ஆசிரியரேதான். செய்தி இல்லை. செய்யுளும் இல்லை. அந்தாதியையும் நாக பந்தத்தையும் கோத்துப் பழகிய கூடத்தில் யாரோ பேச்சுத் தொடுக்கிறார்கள். இதைச் சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வார்கள். வெறும் உரையாடல் எப்படிக் கதையாகும்?

(அடுத்த வாரம்: பேசியவர்கள் யார்?)