நூலகங்களிடை இரவல்

ஒரு நூலகம், தன்னிடத்தில் இல்லாததும் தன் வாசகர் வேண்டுவதுமான நூலைப் பிறிதொரு நூலகத்தினின்றும் குறித்த காலத்திற்குக் கடனாகப் பெற்று, அவர் கையிற் கொடுத்து, தவணை முடிந்தபின் தன் பொறுப்பிலேயே திருப்பியனுப்பும் ஏற்பாடு நூலகங்களிடை இரவல் எனப்படும். ஓர் அத்தியாயமோ சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையோ மட்டும் போதுமாயின், அப்பக்கங்களை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புதலும் இதன்பாற்படும். சர்வகலாசாலைகளில் ‘ஐ.எல்.எல்.’ என்று சுருங்க வழங்குவர். இரவல் பெறுவது வாசகரல்லர், அவருடைய நூலகமே. நூல் தொலைந்தால் பதில் சொல்லவேண்டியதும் அதுவே.

சுவடி இரவல். அச்சுப் புத்தகம் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்னரே, திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய மடங்களிலும் வித்துவான்களின் இல்லங்களிலும் வழிவழியாகக் காக்கப்பட்ட ஏட்டுச் சுவடிகள், பெயர்த்தெழுதும்பொருட்டு ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்குச் சென்றுவந்தன. 1880 ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியை ஆராயப் புகுந்தபோது, முதலியார் அளித்த பிரதி ஒன்று போதாமையால், கடிதம் எழுதியும் நேரிற் சென்றும் பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கி, 1887 இல் அந்நூலை வெளியிட்டார். பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியனவும் அவ்வழியே வெளிவந்தன. எந்தப் பிரதி எவரிடமிருந்து கிடைத்தது என்பதை ஐயரவர்கள் தம் பதிப்புகளில் பெயர் சுட்டிக் குறித்திருக்கும் நேர்மை, இக்காலத்து இரவற் பதிவேடுகள் பலவற்றிற் காணப்படாதது. சுவடியைப் பிரிய மனமில்லாதவரிடம் அங்கேயே தங்கிப் பிரதி செய்துகொண்டு வருதலும் உண்டு. மூலத்தை அசையாமல் வைத்து அதிலுள்ளதை மட்டும் அனுப்புகின்ற இன்றைய ஸ்கேன் முறைக்கு இதுவே முன்னோடி. 1869 இல் தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், பிறரிடமுள்ள அரிய சுவடிகளைப் பார்த்துப் பிரதி எழுதுவித்துத் தன் தொகுதியிற் சேர்ப்பதை ஓர் அலுவலாகவே நடத்தியது.

மேனாட்டில். அமெரிக்காவில் வூஸ்டர் நகரப் பொது நூலகராயிருந்த சாமுவேல் கிரீன் 1876 இல் நூலகங்கள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கலாம் என்று ஒரு சஞ்சிகைக்கு எழுதினார். இங்கிலாந்தில் பாஸ்டன் ஸ்பா என்னும் சிற்றூரில், வாசகருக்கன்றிப் பிற நூலகங்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே 1962 இல் ஒரு நூலகம் திறக்கப்பட்டது.

இந்தியாவில். 1924 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக நியமனம் பெற்ற சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன், 1928 இல் சென்னை நூலகச் சங்கத்தை ஸ்தாபித்து, 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளைப் பிரசுரித்தார். எந்த வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்ற கருத்தை ஏற்றபின், எந்த நூலகமும் தனித்துத் தன்னிறைவு பெறாது என்பது தானே போதரும். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் கிராமங்களுக்குச் சென்றன. 1948 ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் கலாசாலை நூலகங்களைத் தொடவில்லை; அவை தம்முள் இணைவதற்குப் பின்னும் நெடுநாள் ஆயிற்று. விஞ்ஞானக் கட்டுரைகளின் நகல்களை வழங்க 1952 இல் டில்லியில் இன்ஸ்டாக் என்னும் மையம் தொடங்கப்பெற்றது. 1988 இல் டெல்நெட்டும், 1991 இல் சர்வகலாசாலை மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட்டும், 1993 இல் சென்னையில் மாலிப்நெட்டும் ஆகிய நூலகக் கூட்டிணைப்புகள் தோன்றின. இவற்றால் விளைந்த பெரும்பயன் நூல்கள் ஊர்விட்டு ஊர் சென்றதன்று. எந்த நூல் எங்குள்ளது என்பதைக் காட்டும் கூட்டுப் பட்டியலே. பட்டியல் இல்லாதவிடத்து இரவல் என்பது வெறும் நல்லெண்ணம்.

முறை. வாசகர் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு, கட்டுரையாயின் சஞ்சிகையின் தொகுதியும் பக்க எண்களும் குறித்து விண்ணப்பம் தருவர். பக்க எண் விடுபட்டால் தாமதம் அங்கேயே தொடங்கும். நூலகர் தம் நூலகத்தில் அந்நூல் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்து (பல வேளைகளில் அது அலமாரியிலேயே இருக்கக் காண்பதுண்டு), இன்ட்கேட் முதலிய கூட்டுப் பட்டியல்களில் தேடி, உடைய நூலகத்திற்கு எழுதுவர். நூல் தபாலிலோ கூரியரிலோ வரும். அகராதி முதலிய குறிப்புதவி நூல்களும் அரிய நூல்களும் பொதுவாக வெளியே அனுப்பப்படுவதில்லை. சொந்த ஆராய்ச்சிக்காக ஒரு கட்டுரையை நகலெடுத்தல், 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி நியாயமான உபயோகமாகும்.

திருவண்ணாமலையில். இரவலின் தேவைக்கு இவ்வூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்; இங்குச் சர்வகலாசாலை இல்லை. பெயர் கண்டு மயங்குவோர் பொருட்டுச் சொல்லின், அண்ணாமலைச் சர்வகலாசாலை சிதம்பரத்தில் உள்ளது. இங்குள்ள அரசினர் கலைக்கல்லூரி, 2002 இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அருணாசலேசுவரர் ஆலயத்துச் சாஸனங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 8 ஆம் தொகுதியில் 1937 இல் அச்சாயின. பின்னர்ப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனமும் இத்தலத்தைப் பற்றிய ஆராய்ச்சித் தொகுதிகளை வெளியிட்டது. இத்தொகுதிகள் உள்ளூரிற் கிடையாவிடின், கல்லைப் பிராகாரத்தில் நின்று தொட்டுப் பார்க்கும் மாணவர், அதன் வாசகத்தை அச்சிற் படிக்கப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ விண்ணப்பம் போடநேர்கிறது. இரமணாசிரமத்து நூலகம் பெரிதும் ஆன்மிக நூல்களுக்குரியது. சரித்திர மாணவருக்கு அதனாலாகும் உதவி கொஞ்சமே.

தற்கால நிலை. 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசினர் உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 சஞ்சிகைகள் இணையவழிக் கிடைப்பதால், அவற்றிலுள்ள கட்டுரைகளுக்கு இரவல் வேண்டியதில்லை. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியமும், பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் முதலிற் பார்க்கத்தக்கன.