லோரைடர்: தாழ்த்தப்பட்ட கார்களின் வரலாறு

லோரைடர் என்பது தரையை ஒட்டினாற்போல் உடல் தாழ்த்தப்பட்டு, பளபளக்கும் வண்ணப்பூச்சுடன் மெதுவாக ஓட்டப்படும் பழைய காரைக் குறிக்கும். அதை ஓட்டுபவரையும் இப்பெயராலேயே அழைப்பர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த மெக்சிக்க அமெரிக்கர்களிடையே இப்பழக்கம் வலுப்பெற்றது. விலை குறைந்த பழைய காரைச் சொந்தக் கைவேலையால் அழகுபடுத்தும் முயற்சியாகத் தொடங்கிய இது, பின்னர் சட்டத்தோடும் காவல்துறையோடும் நீண்ட காலம் மோத வேண்டியதாயிற்று.

தோற்றம்

அக்காலத்தில் வெள்ளை அமெரிக்க இளைஞர்கள் பலர் பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைத்தனர். இவை ஹாட் ராட் எனப்பட்டன. மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் இதற்கு நேர் எதிரான வழியைத் தேர்ந்தனர். 'தாழ்வாக, மெதுவாக' என்பதே அவர்களின் கொள்கை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் சாலை வார இறுதிகளில் அவர்களின் ஊர்வலத் தெருவானது. புதிய கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்குப் பழைய செவ்ரோலே போன்ற கார்களே எட்டும் விலையில் கிடைத்தன.

தாழ்த்தும் முறைகள்

மிக மலிவான முறை, டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்குவது. பாரத்தால் பின்புற வில்கள் அமுங்கி வண்டி தாழும். ஆனால் முன்சக்கரங்களின் மீதான பாரம் குறைந்து திருப்பும் பிடிப்பு தளரும். முகப்பு விளக்குகளின் ஒளியும் மேல்நோக்கிப் போகும்.

அடுத்த முறை, சுருள்வில்லின் சில சுற்றுகளை வெட்டி எடுப்பது. வெட்டிய வில் குட்டையாவதோடு முன்னைவிட விறைப்பாகவும் ஆகும். செலவைக் குறைக்க நினைத்த சிலர், வில்லை வெட்டாமல் தீச்சுடரால் சூடாக்கித் தாழ்த்தினர். இது ஆபத்தானது. சூட்டில் எஃகின் பதம் கெடுவதால் வில் தொடர்ந்து தாழ்ந்துகொண்டே போகும், அல்லது முறிந்துவிடும். குளிர்ந்த நிலையில் அரைச் சுற்று, அரைச் சுற்றாக வெட்டி ஒவ்வொரு முறையும் உயரத்தை அளந்து பார்ப்பதே பாதுகாப்பானது. மிகுதியாக வெட்டினால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வில் தன் இருப்பிடத்திலிருந்து நழுவக்கூடும்.

பட்டைவில் உள்ள கார்களில், வில்லுக்கும் அச்சுக்கும் இடையே உலோகக் கட்டை வைத்துத் தாழ்த்தினர். இதில் வில் சேதமடைவதில்லை. வேண்டும்போது கட்டையை நீக்கிவிடலாம். எந்த முறையானாலும் முன்சக்கரங்களின் சாய்வு மாறிவிடும் என்பதால், சக்கரச் சீரமைப்பு செய்யாவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

சட்டமும் அதற்கான விடையும்

1958 இல் கலிபோர்னியாவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. மாற்றியமைக்கப்பட்ட காரின் எந்தப் பகுதியும் சக்கர ரிம்மின் கீழ் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். இதில் ஒரு பாதுகாப்புக் காரணம் உண்டு: டயரில் காற்று இறங்கினால் வண்டி ரிம்மின் மேல் நிற்கும், அதைவிடத் தாழ்ந்த பகுதி எதுவும் சாலையில் உரசும். எனினும் நடைமுறையில் இவ்விதி மெக்சிக்க அமெரிக்க இளைஞர்களை வழிமறிக்கும் கருவியாகவே பயன்பட்டது என்று அச்சமூகத்தினர் நெடுங்காலம் குறை கூறிவந்தனர்.

1959 இல் ரான் அகிரே என்பவர், எக்ஸ்-சோனிக் என்ற தம் 1957 ஆம் ஆண்டு கார்வெட் காரில் விமானங்களின் உபரிப் பாகங்களான ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். விசையை இயக்கினால் கார் சட்டப்படியான உயரத்துக்கு எழும். மீண்டும் இயக்கினால் தாழும். 1958 முதல் வெளிவந்த செவ்ரோலே இம்பாலா கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில்லே இருந்தது. ஹைட்ராலிக் உருளைகளைப் பொருத்த இது வசதியாக இருந்ததால், இம்பாலா லோரைடர்களின் விருப்பக் காரானது.

தடையும் ஏற்பும்

1977 இல் சான் ஹோசே நகரில் 'லோ ரைடர்' இதழ் தொடங்கப்பட்டது. மறுபுறம், 1979 இல் விட்டியர் சாலையில் வார இறுதி ஊர்வலங்கள் தடுக்கப்பட்டன. 1980களிலும் 1990களிலும் பல நகரங்கள் மெதுவாகச் சுற்றி வருவதையே தடை செய்தன.

காலப்போக்கில் பார்வை மாறியது. நியூ மெக்சிகோவில் உருவான 'டேவ்ஸ் ட்ரீம்' என்ற 1969 ஃபோர்டு கார் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. ரோசா மலர்கள் தீட்டப்பட்ட 'ஜிப்சி ரோஸ்' என்ற 1964 இம்பாலா 2017 இல் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. சான் ஹோசே 2022 இல் தன் தடையை நீக்கியது. 2023 இல் கலிபோர்னியா நிறைவேற்றிய சட்டம், நகரங்கள் இத்தகைய தடை விதிக்கும் அதிகாரத்தையும் 1958 ஆம் ஆண்டின் உயர விதியையும் நீக்கியது. இது 2024 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

விதி நீங்கினாலும் அதன் பின்னிருந்த இயற்பியல் நீங்கவில்லை. காற்றிறங்கிய டயரில் நிற்கும் கார் இன்றும் ரிம்மின் உயரத்துக்கே இறங்கும். பழைய காரைத் தாழ்த்துவோர் ரிம்மின் விளிம்பையே எல்லையாகக் கொள்வது இன்றும் நல்லது.