நாற்காலியில் ஒரு கோமாளி

1828 ஜூன் 27. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஜோசப் கிரிமால்டியின் கடைசி மேடை. சர்க்கஸ் கோமாளி என்றதும் நம் கண்முன் வருகிற வெள்ளை முகத்துக்கும் சிவந்த கன்னத்துக்கும் முன்னோடி இவர்தான். வயசு 49. நிற்கவே முடியல, நாற்காலியில் உட்கார்ந்தபடி நடித்தார்.

இதை வெறும் முதுமைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சின்ன வயசிலிருந்தே குதிக்கிறதும் விழுறதும் அடி வாங்குறதும்தான் அவருடைய பிழைப்பு. ஊர் சிரித்த ஒவ்வொரு சிரிப்புக்கும் மூட்டுகள்தான் விலை கொடுத்தன. வாரிசாக மேடையேறிய மகனும் 1832இல் போய்ச் சேர்ந்தார். கிரிமால்டி இறந்தது 1837இல்.

விடைபெறும் நடிகருக்கு அன்றைய வசூலைக் கொடுப்பது அக்கால வழக்கம். ஆக, அவர் விழுந்தப்ப சிரிச்ச ஊர்தான், எழ முடியாதப்ப டிக்கெட் வாங்கி வழியனுப்பவும் வந்தது. அதை நன்றின்னு சொல்லலாம். எனக்கென்னவோ அது கடன்பாக்கி மாதிரிதான் தெரியுது.