கியாரண்டி: தாது வருஷமும் ஐந்து சதவீதமும்

எங்கள் வீட்டில் ஒரு வசவு உண்டு. தட்டில் வைத்ததை அவசர அவசரமாக அள்ளித் தின்றால் அப்பத்தா, "தாது வருசத்துலயாடா பொறந்த?" என்பார். அது ஏதோ பொதுவான திட்டு என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அறுபது தமிழ் வருஷங்களில் ஒன்றின் பெயர் தாது என்பதும், 1876 ஏப்ரலில் பிறந்த அந்த வருஷத்துப் பஞ்சத்தைத்தான் அப்பத்தா சொல்கிறார் என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அவர் அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவரில்லை. அவருக்கு அவருடைய பாட்டி சொன்னது.

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு சண்டை. பேச்சு ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, பஸ், கரண்ட், தண்ணி என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டால்தான் நாடு உருப்படும் என்றார் நண்பர். எல்லாவற்றையும் அரசாங்கமே நடத்தினால்தான் ஏழைக்குக் கிடைக்கும் என்றார் அவருடைய மைத்துனர். இந்த இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது மைத்துனர் கட்சி. வேலைக்குப் போன புதிதில், ஒரு சான்றிதழுக்காக ஒரே மேஜைக்கு ஏழு தடவை அலைந்த பிறகு, நண்பர் கட்சி. இப்போது இரண்டும் இல்லை. ஏன் இல்லை என்று அன்றைக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்பு நோட்டுகளைப் புரட்டினேன். பதில் அப்பத்தாவின் வசவில் இருந்தது.

பஞ்சத்துக்குக் கால் நூற்றாண்டு முன்னால் போக வேண்டும். இந்தியாவில் ரயில் போட வேண்டும். பணம் லண்டனில் இருக்கிறது. ஆனால், பார்த்தேயிராத நாட்டில், லாபம் வருமா என்று தெரியாத ரயிலில் யார் முதல் போடுவார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1849 ஆகஸ்டில் இரண்டு ரயில்வே கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. பின்னால் வந்த மதராஸ் ரயில்வே கம்பெனிக்கும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். நிலம் 99 வருஷத்துக்கு இலவசம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீத வட்டி உறுதி. ரயிலில் அவ்வளவு வருமானம் வராவிட்டால், குறைகிற பணத்தை இந்திய அரசின் கஜானா கொடுக்கும். தண்டவாளம் போட்டு முடிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம், பணத்தைக் கட்டிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பிரிட்டிஷ் அரசின் கடன் பத்திரமே அப்போது மூன்றரை சதவீதத்துக்கும் கீழேதான் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இன்னும் இருக்கிறது. ரூபாய் எவ்வளவு சரிந்தாலும் கணக்குக்கு ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 10 பென்ஸ் என்று நிர்ணயம். தொழில் பிடிக்கவில்லையா? ஆறு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பாதையை அரசின் கையில் தள்ளி, போட்ட முதலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். நம்ம ஊர் சீட்டு நிறுவனங்கள்கூட இவ்வளவு தாராளமாக விளம்பரம் செய்ததில்லை.

இதைத் தனியார் தொழில் என்றுதான் எல்லாரும் அழைத்தார்கள். பிறகு வந்த வரலாற்றாசிரியர் டேனியல் தார்னர்தான் அதற்குச் சரியான பெயர் வைத்தார்: பொதுமக்களின் தலையில் ஆபத்தை வைத்து நடத்திய தனியார் தொழில்.

"பார்த்தீங்களா, தனியார் கொள்ளை!" என்று மைத்துனர் குதிப்பார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒப்பந்தப்படி இந்தக் கம்பெனிகளின் மேல் அரசுக்கு முழுக் கண்காணிப்பு உண்டு. லண்டனில் கம்பெனியின் இயக்குநர் குழுவில் அரசின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார், எதையும் மறுக்கும் அதிகாரத்தோடு. இங்கே அரசு இன்ஜினியர்கள் ஒவ்வொரு வரைபடத்தையும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவ்வளவு கண்காணிப்புக்கும் பிறகு என்ன ஆயிற்று? மைலுக்கு 8,000 பவுண்டில் முடியும் என்ற மதிப்பீடு, சராசரியில் 18,000 பவுண்டுக்குப் போய் நின்றது. அரசு இன்ஜினியர்கள் தேவையில்லாமல் தலையிட்டதால் செலவு ஏறியது என்றார்கள் கம்பெனிக்காரர்கள். கம்பெனிக்காரர்களுக்குச் சிக்கனம் என்றால் என்னவென்றே தெரியாது என்றார்கள் அரசு இன்ஜினியர்கள். என் கணிப்பில் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. செலவு கூடினால் யார் பையிலிருந்தும் போகப் போவதில்லை என்பதால், இரண்டு பேருக்குமே கணக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வைஸ்ராயாக இருந்த ஜான் லாரன்ஸே இதை 1860களின் கடைசியில் எழுதிவிட்டார்: லாபம் முழுக்கக் கம்பெனிக்கு, நஷ்டம் முழுக்க அரசுக்கு. இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த மாசி 1872-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய் இன்னும் பச்சையாகச் சொன்னார். ஐந்து சதவீதம் உறுதியாக வரும்போது, தான் கொடுத்த பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறுகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்று இங்கிலாந்து முதலாளி ஏன் கவலைப்படப் போகிறான் என்பது அவர் கேள்வி.

ரயில் மட்டும்தானா என்றால், இல்லை. ஆர்தர் காட்டன் என்றால் நமக்குக் கொள்ளிடத்து அணையும் கோதாவரி அணையும் நினைவுக்கு வரும். இரண்டுமே அரசுப் பணத்தில் கட்டியவை, இரண்டுமே பலன் தந்தவை. அதே காட்டனின் யோசனையில், 1858-ல் மதராஸ் நீர்ப்பாசன மற்றும் கால்வாய்க் கம்பெனி என்று லண்டனில் ஒன்று தொடங்கினார்கள். பத்து லட்சம் பவுண்டு முதல். அதற்கும் ஐந்து சதவீத கியாரண்டி. துங்கபத்திரையில் சுங்கேசுலா என்ற இடத்தில் அணை கட்டி, கர்நூலிலிருந்து கடப்பா வரை ஏறக்குறைய 190 மைல் கால்வாய். பணம் பத்தாமல் அரசே மேலும் ஆறு லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. ஒருவழியாகக் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். விவசாயிகள் வாங்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஏன் வாங்கவில்லை? அந்தப் பக்கம் கரிசல் மண். மழை ஓரளவு பெய்தால் போதும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோளமும் பருத்தியும் கொடுத்துவிடும். அதில் காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு அவர்கள் என்ன பைத்தியமா? கோதாவரி, காவிரிக் கழிமுகங்களின் வண்டல் நிலத்தில் கைகொடுத்த கணக்கைக் கரிசலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். லண்டன் இயக்குநர்களும் கேட்கவில்லை, கல்கத்தா அதிகாரிகளும் கேட்கவில்லை. கர்நூலில் ஏதாவது ஒரு திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். கடைசியில் 1882-ல் அரசு அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கிக் கதையை முடித்தது. பங்குதாரர்களுக்கு இடைப்பட்ட வருஷங்களின் வட்டி தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இப்போது தாது வருஷத்துக்கு வருவோம். 1876-ல் மழை பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பாவில் ஆரம்பித்து வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், கோயம்புத்தூர் வரை பஞ்சம் இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், மதராஸிலிருந்து ராய்ச்சூர் போகும் ரயில் பாதை கடப்பா, குந்தக்கல், ஆதோனி என்று பஞ்சத்தின் நடு வயிற்றில்தான் ஓடியது. 1871-லேயே அந்தப் பாதை திறந்தாயிற்று. மதராஸ் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாக அரிசியும் வந்தது. கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்தும் கிடந்தது. விளைச்சல் போனவனிடம் அதை வாங்கக் காசு இல்லை, அதுதான் பிரச்சினை. ரயில் தானியத்தைக் கொண்டுவரும், கூலியைக் கொண்டுவராது.

மதராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு ஒரு காரியம் செய்தார். ஆர்பத்நாட் கம்பெனி மூலமாக 30,000 டன் தானியத்தை ரகசியமாகக் கொள்முதல் செய்யச் சொன்னார். மேலே இருந்த இந்திய அரசு கண்டித்தது. அரசு சந்தையில் இறங்கினால் வியாபாரி மிரண்டு ஓடிவிடுவான், தனியார் வணிகத்தில் கை வைக்கக் கூடாது என்பது கொள்கை. இந்த வாதத்தை ஒரேயடியாக முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அரசு எப்போது, எவ்வளவு, என்ன விலைக்கு வாங்கும் என்று தெரியாமல் ஒரு வியாபாரி பர்மாவிலிருந்து சரக்கு எடுக்கத் தயங்குவான்தான். என்னை உறுத்துவது வேறு. தனியார் விஷயத்தில் தலையிடுவது பாவம் என்று சொன்ன இதே அரசுதான், அதே வருஷத்தில், தனியார் ரயில்வே பங்குதாரர்களின் ஐந்து சதவீதத்துக்குப் பொறுப்பேற்று நின்றது. அந்தத் தலையீடு யார் கண்ணுக்கும் தலையீடாகத் தெரியவில்லை.

1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார், செலவைக் கட்டுக்குள் கொண்டுவர வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ஆள். இவர்தான் மூன்று வருஷம் முன்பு பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மா அரிசியை லட்சக்கணக்கான டன் இறக்கி, சாவைப் பெருமளவு தடுத்தவர். அதற்காகப் பாராட்டு வாங்கியிருக்க வேண்டியவர், ஊதாரி என்று பேர் வாங்கினார். அந்தக் காயத்தோடு மதராஸ் வந்தவர், நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கு அதைவிடவும் குறைச்சல். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் அளவு என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். அவரும் அரசு அதிகாரிதான், இதை என் நண்பர் குறித்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் அளவை ஏற்றினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். 1876-78 பஞ்சத்தில் இந்தியா முழுக்கச் செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பெரும்பகுதி மதராஸ் மாகாணத்தில்.

அதே 1877 முடிவதற்குள் மதராஸில் உப்பு வரியை மணங்குக்கு ஒரு ரூபாய் பதிமூன்று அணாவிலிருந்து இரண்டரை ரூபாய்க்கு ஏற்றினார்கள். ரயில் பங்குக்கு வட்டி கட்டிய கஜானாவும், உப்பு வரி போய் விழுந்த கஜானாவும் ஒன்றுதான். அப்பத்தாவின் பாட்டி ரயிலில் ஏறியிருப்பாரா என்பது சந்தேகம். உப்பு வாங்கியிருப்பார்.

1990களில் இதே கதை வேறு உடையில் திரும்பி வந்தது. மகாராஷ்டிரத்தில் என்ரான் கட்டிய தபோல் மின்நிலையத்துக்கு, போட்ட பங்கு முதலில் 16 சதவீதம் லாபம் வருகிற மாதிரி மின்சார விலை. மாநில மின்வாரியம் கட்டத் தவறினால் மாநில அரசு கட்டும், அதுவும் தவறினால் மத்திய அரசு கட்டும் என்று எதிர்கியாரண்டி. 2001-ல் மின்நிலையம் மூடிக்கிடந்தது. இந்த ஒப்பந்தத்தைப் போட்டவர்களில் யாராவது 1849 ஒப்பந்தத்தை எடுத்துப் படித்திருப்பார்களா என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை, கேட்டுப் பார்க்க.

பக்கிங்ஹாமுக்கு ரகசியமாகத் தானியம் வாங்கிக் கொடுத்த ஆர்பத்நாட் கம்பெனியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மதராஸில் அதைவிடப் பெரிய மனிதர் கம்பெனி இல்லை என்ற பேர். அரசு உத்தியோகஸ்தர்கள், விதவைகள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஊரே அதில் டெபாசிட் போட்டிருந்தது. 1906 அக்டோபர் 22-ம் தேதி அது திவாலானது. ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

அதே 1907 டிசம்பர் கடைசியில் மதராஸ் ரயில்வே கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து, அரசு பாதையை வாங்கிக்கொண்டது. விலை எப்படிப் போடுவது என்று பழைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது: முந்தைய மூன்று வருஷம் லண்டன் சந்தையில் பங்கு விற்ற சராசரி விலை. உறுதியான வட்டி வரும் பங்கு என்பதால் அந்தச் சந்தை விலையே உயர்ந்துதான் இருந்தது. லண்டன்காரர்களுக்கு அது பைசா குறையாமல் போய்ச் சேர்ந்தது. ஆர்பத்நாட் கம்பெனியில் பணம் போட்ட மதராஸ்காரர்கள் அப்போது திவால் வழக்கின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் கியாரண்டி கொடுத்திருக்கவில்லை.