தென்பெண்ணை: 1892 ஒப்பந்தம் மறந்த ஏரிகள்

திருவண்ணாமலைக்கு வரும் பலர் கிரிவலம் முடித்த கையோடு சாத்தனூர் அணைக்கும் ஒரு நடை போய் வருவார்கள். பூங்கா, முதலைப் பண்ணை, வறுத்த மீன்! நகரத்தின் குடிநீருக்கும் இந்த அணை முக்கிய ஆதாரம். ஆனால் இந்தத் தண்ணீர் எங்கெங்கே இருந்து வருகிறது?

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே அதன் பெயர் தட்சிண பினாகினி. ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சாத்தனூர் வந்து, கடைசியில் கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

இதன் வழக்கு மிகப் பழையது. 1892-இல் மைசூர் அரசும் மெட்ராஸ் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 15 முக்கிய ஆறுகளின் குறுக்கே மெட்ராஸின் முன் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டக்கூடாது. காவிரி, பாலாறு, தென்பெண்ணை மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. காமராஜர் ஆட்சியில் 1958-இல் சாத்தனூர் அணை வந்தது. துணை ஆறான மார்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்து 2018-இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசை அணுகுமாறு 2019-இல் நீதிமன்றம் சொன்னது.

சண்டை எல்லாம் 'எவ்வளவு தண்ணீர்' என்பதில்தான். 'எப்படிப்பட்ட தண்ணீர்' என்ற கேள்வி அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் ஒரு காலத்தில் பாசன ஏரிகள். ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போய், உபரி நீர் தென்பெண்ணையில் சேரும். நகரம் வளர்ந்தது, ஏரிகளில் சாக்கடை சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரியே தீப்பிடித்தது! 2018-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலும் நுரை பொங்கியது பலமுறை செய்தியானது.

ஏரி என்பது வெறும் தொட்டி அல்ல. வண்டலைப் படியவைக்கும், நிலத்தடி நீரை ஊறவைக்கும், கோரையும் நாணலும் கழிவின் ஒரு பகுதியை உறிஞ்சும். அளவுக்கு மீறிய சாக்கடை இந்த வேலையைக் கெடுக்கிறது. ஏரியைச் சுத்தம் செய்யும் செலவு ஒரு மாநிலத்தின் கணக்கில், பலனில் ஒரு பங்கு இன்னொரு மாநிலத்தின் கணக்கில். வேலை தள்ளிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழகமும் எப்போதும் கீழ்மடை அல்ல. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அன்று மேல்மடை திருவண்ணாமலைதான்.

ஆகவே ஆற்றின் பங்கைப் பிரிக்க மட்டும் ஒரு மன்றம் போதாது. பெல்லந்தூர் முதல் கடலூர் வரை நீரின் அளவையும் தரத்தையும் சேர்த்து அளந்து, எல்லோருக்கும் தெரியச் சொல்லும் நிரந்தரக் கூட்டு அமைப்பு வேண்டும். 1892-இல் யாரும் இதை நினைக்கவில்லை. இன்று நினைக்காமல் இருக்க முடியாது.