கூரை மேல் சாய்ந்த மரக்கிளை... ஓடு உடையாமல் வெட்டி இறக்குவது எப்படி?

ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டுக் கூரை மேல் வேப்பங்கிளை முறிந்து விழுந்தால், உடைவது ஓடு மட்டுமல்ல. ஓட்டுக்குக் கீழே தறி இருக்கிறது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், டிசைனுக்கான அட்டைகளும் தொங்குகின்றன. தறியில் பாதி நெய்த பட்டும், இன்னும் நெய்யாத பாவும் ஏறியிருக்கும். கூரை திறந்து மழைத்தண்ணி உள்ளே இறங்கினால் அட்டை ஊறும், பட்டு கறைபடும், தறி நிற்கும். பல நாள் உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்குப் பேர்போன ஊர். வீடே தொழிற்கூடம். தெருவில் பாவு நீட்டும்போது நிழல் கொடுப்பதும் அதே மரங்கள்தான். அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, மரத்தையே எடுத்துவிடலாமா என்பதல்ல. கூரைக்கு மேல் நீண்ட அந்த ஒரு கிளையை மட்டும், கீழே எதுவும் உடையாமல் எப்படி இறக்குவது என்பதுதான்.

பயம் நியாயமானது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் மரம் சாய்ந்து, காரில் இருந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். ஆனால் பயத்தில் அவசரப்பட்டு ஆளை ஏற்றி, "ஒரு கயிறு கட்டி இந்தப் பக்கம் இழுத்துக்கலாம்" என்று ஆரம்பிக்கும் வேலையும் ஆபத்தானதுதான்.

முதல் தப்பு: கிளையின் எடை

கீழே நின்று பார்க்கும்போது எந்தக் கிளையும் லேசாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் வேறு கதை. 30 சென்டிமீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு சுமார் 0.21 கன மீட்டர். பச்சை மரத்தில் தண்ணீர் அதிகம். ஒரு கன மீட்டருக்கு 900 கிலோ என்று வைத்தால்கூட அந்தத் துண்டு ஏறக்குறைய 190 கிலோ. இலை, சிறு கொப்புகளின் எடை தனி. நான்கு பேர் கையால் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிட முடியாத எடை இது.

இழுத்தால் கிளை நாம் நினைக்கும் பக்கம் வரும் என்பதும் பாதி உண்மைதான். கிளை முறியும் நொடியில் அதன் போக்கை முடிவு செய்வது அதன் எடை எந்தப் பக்கம் தொங்குகிறது என்பது. கயிறு அதைக் கொஞ்சம் திருப்பலாம், தடுக்க முடியாது.

அப்படியென்றால் சரியான முறை என்ன?

வெட்டிய பிறகு பிடிப்பதில்லை. முதலில் தொங்கவிட்டு, பிறகு வெட்டுவது. மரவேலைத் தொழிலில் இதை 'ரிக்கிங்' என்கிறார்கள். வெட்டப்போகும் கிளைக்கு மேலே, அதே மரத்தின் உறுதியான இடத்தில் ஒரு கப்பி கட்டப்படுகிறது. கிணற்றில் தண்ணி இறைக்கும் அதே கப்பித் தத்துவம்தான். கயிற்றின் ஒரு முனை கிளையில். மறுமுனை கப்பி வழியாக அடிமரத்துக்கு வந்து, அங்கே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றப்படுகிறது. சுற்றுக்குப் பின்னால் உள்ள கயிற்றைத்தான் கீழே இருப்பவர் பிடிக்கிறார்.

அந்தச் சுற்றுதான் பிரேக். கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.25 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று போட்டாலே கையில் தெரியும் பளு சுமார் ஐந்தில் ஒரு பங்காகிறது. இரண்டு சுற்றுக்கு 23-ல் ஒரு பங்கு. அதாவது 200 கிலோ கிளையை ஒருவர் 9 கிலோ விசையில் நிறுத்தலாம். படகை கம்பத்தில் சுற்றி நிறுத்துவதும் இதே கணக்கில்தான். வெளிநாடுகளில் இதற்கென்றே இரும்புக் குழாய் போன்ற ஒரு கருவியை அடிமரத்தில் கட்டிக்கொள்கிறார்கள். அது இருந்தால் மரப்பட்டை தேயாது, சுற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் சுலபம்.

நம்ம ஊரில் கப்பி இல்லாமல், கிளை பிரியும் கவையிலேயே கயிற்றைப் போட்டு இறக்குவது வழக்கம். சின்னக் கிளைக்குச் சரி. பெரிய கிளைக்கு அங்கே உராய்ந்து சூடாகி கயிறு தேய்கிறது, பட்டையும் உரிகிறது.

கப்பியில் விழும் இரட்டைப் பளு

இந்த வேலையில் பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். 150 கிலோ கிளை கயிற்றில் அசையாமல் தொங்குகிறது. கப்பிக்கு ஒரு பக்கம் 150 கிலோ. அதை நிறுத்த மறுபக்கமும் ஏறக்குறைய 150. ஆக, கப்பி கட்டிய இடத்தில் 300 கிலோ. கிளையைத் தாங்குமா என்று பார்த்துக் கட்டிய கொப்பு, இரட்டிப்பைத் தாங்குமா என்று யாரும் பார்ப்பதில்லை.

கிளை கொஞ்ச தூரம் விழுந்து சடக்கென்று நின்றால் இன்னும் மோசம். 100 கிலோ துண்டு 2 மீட்டர் விழுந்து, கயிறு அதை அரை மீட்டருக்குள் நிறுத்துகிறது என்றால், கயிற்றில் சராசரியாகவே 500 கிலோ விசை. கப்பியில் சுமார் 1,000. உச்சம் அதற்கும் மேலே போகும். அதே துண்டை 2 மீட்டர் தூரம் ஓடவிட்டு மெதுவாக நிறுத்தினால் கயிற்றில் சராசரி 200 கிலோதான். குழித்தறியில் நெய்ய நெய்ய பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடுவார்களே, அந்தப் பக்குவம் கீழே கயிறு பிடிப்பவருக்கு வேண்டும். இறுக்கிப் பிடிப்பவர் நல்ல ஆள் இல்லை. விட்டுப் பிடிப்பவர்தான் நல்ல ஆள். பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பு 2008-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இந்த விசைகளை மரங்களிலேயே அளந்து பார்த்திருக்கிறது.

கப்பி கட்டும் இடம் தண்டுக்கு அருகில், உயிருள்ள, பொந்து இல்லாத பகுதியாக இருக்கவேண்டும். முருங்கையில் இந்த வேலையே கூடாது. அது மனுஷனையே தாங்காது. தூங்குமூஞ்சி மரத்தின் நீண்ட கிளைகளையும் நம்பக் கூடாது. காளான் முளைத்த இடம், பட்டை உப்பி நிற்கும் இடம், பழைய வெட்டு அழுகிய இடம் இவற்றைத் தட்டிப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும்.

கயிற்றை எந்த முனையில் கட்டுவது?

கூரைக்கு மேல் இருக்கும் கிளை என்றால் எல்லாமே இந்தக் கேள்வியில்தான்.

வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதாவது அடிமுனையில் கட்டினால், வெட்டியவுடன் நுனி முதலில் இறங்கும். கிளை செங்குத்தாகத் தொங்கும். 5 மீட்டர் கிளைக்கும் கூரைக்கும் இடையில் 2 மீட்டர்தான் இடைவெளி என்றால் நுனி நேராக ஓட்டில்தான் இறங்கும். கீழே வெறும் நிலமாக இருக்கும் இடத்துக்குத்தான் இந்த முறை.

நுனிப்பக்கம் கட்டினால் நேர்மாறு. நுனி மேலேயே நிற்கும். அடிமுனை இறங்கி, ஊஞ்சல் மாதிரி தண்டை நோக்கி வரும். மரம் தெருவிலோ முற்றத்திலோ நின்று, கிளை மட்டும் கூரைக்கு மேல் போயிருந்தால் இது பெரிய வசதி. கனமான பகுதி கூரையை விட்டு விலகி வந்துவிடும். ஆனால் அது வந்து மோதும் பக்கத்தில் வெட்டுபவர் இருக்கக் கூடாது.

இடைவெளி ரொம்பக் குறைவு, கிளை கிட்டத்தட்ட ஓட்டைத் தொடுகிறது என்றால் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். பிரதான கயிற்றிலிருந்து ஒரு துணைக் கயிறு அடிமுனைக்கு, இன்னொன்று நுனிப் பக்கம். தராசு மாதிரி. வெட்டிய பிறகும் கிளை படுக்கை வாட்டத்திலேயே நிற்கும். அதை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, கூரையைத் தாண்டி இறக்கலாம். நேரம் பிடிக்கும் வேலை. ஓட்டு வீட்டுக்கும் சிமெண்ட் ஷீட் போட்ட தறிக்கூடத்துக்கும் இதுவே நம்பகமானது.

எந்த முறையானாலும் கிளையின் நுனியில் ஒரு தனி வழிகாட்டிக் கயிறு வேண்டும். அது எடையைத் தாங்க அல்ல. கீழே நிற்கும் ஒருவர் கிளை சுழலாமல், ஜன்னல் பக்கம் போகாமல் திருப்பிக்கொள்ள.

மேலே கட்ட இடமே இல்லை என்றால்?

மரத்தின் உச்சி, தென்னை இரண்டும் இந்த வகை. தென்னைக்கு மட்டைக்கு மேலே கப்பி கட்ட எதுவும் கிடையாது. வெட்டும் இடத்துக்குக் கீழே கப்பியைக் கட்டினால், துண்டு முதலில் விழுந்து பிறகுதான் கயிறு பிடிக்கும். மேலே சொன்ன அதிர்ச்சிக் கணக்கு முழுசாக இங்கேதான் வரும். வழி ஒன்றே ஒன்று: துண்டைச் சின்னதாக்குவது. பாதி எடை, பாதி விழும் தூரம். கூலி கூடும், நேரம் கூடும். ஆனால் ஒரு தறிக்கூரையின் விலையோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை.

கிரேன் வந்தால் எல்லாமே சுலபம். நெசவுத் தெருக்களில் பல இடங்களில் அது நுழையாது.

கடைக் கயிறு போதுமா?

ஹார்டுவேர் கடையில் 'நைலான் கயிறு' என்று கொடுக்கும் பளபளப்பான நீலம், மஞ்சள் கயிறு பெரும்பாலும் நைலானே இல்லை, பாலிப்ரோப்பிலீன். சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடிமரத்தில் சுற்றி வேகமாக ஓடவிட்டால் உராய்வுச் சூட்டிலேயே பிசுபிசுத்துப் போகும். பாலியஸ்டர் கயிறு இந்த வேலைக்கு ஏற்றது. ஸ்டீல் வயர் கூடாது. அதில் இழுவைத்தன்மை இல்லாததால் அதிர்ச்சி அப்படியே கப்பிக்குப் போகும்.

முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையலாம். அதனால் அறுபடும் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை ஏற்றுவதில்லை என்பது தொழில்காரர்கள் வைத்திருக்கும் வரம்பு.

வெட்டும்போது

மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை பாதியிலேயே ஒடிந்து, தண்டின் பட்டையை நீளமாகக் கிழித்துக்கொண்டு இறங்கும். முதலில் கீழ்ப்பக்கம் கால்வாசி ஆழம், பிறகு மேலிருந்து. மரத்தில் இருப்பவரின் பாதுகாப்புக் கயிறு, கிளை இறக்கும் கயிற்றோடு சேரவே கூடாது. தனி இடத்தில் கட்ட வேண்டும். மெஷினில் அறுக்கும் நேரத்தில் இரண்டு கட்டு. சங்கிலி ரம்பம் பட்டால் கயிறு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். சிமெண்ட் ஷீட் மேல் ஏறி நின்று கிளையைத் தள்ளும் பழக்கம் அடியோடு கூடாது. அது ஆள் எடையைத் தாங்காது.

கீழே ஒருவர் குரல் மட்டும்தான் ஒலிக்க வேண்டும். நாலு பேர் "விடு, பிடி" என்று கத்தினால் கயிறு பிடிப்பவர் யாரைக் கேட்பார்? தெருவில் பாவு நீட்டும் நேரத்தில் இந்த வேலையை வைக்கக் கூடாது. தறி வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது. பாவின் மேலும் ஜக்கார்டு அட்டைகள் மேலும் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். காற்று எழுந்தால், தூறல் விழுந்தால் வேலையை நிறுத்திவிடுவதே சரி.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால்?

அப்போது மேலே சொன்ன எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஈரக் கிளை மின்சாரம் கடத்தும், ஈரக் கயிறும் கடத்தும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி சப்ளையை நிறுத்தி, நிறுத்தியதை ஊழியரே இடத்தில் உறுதி செய்த பிறகுதான் ஆள் ஏற வேண்டும். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கம்பிக்கு மின்சாரம் திரும்பி வரும் வாய்ப்பும் உண்டு. மின்னகம் எண் 94987 94987, 24 மணி நேரமும் இயங்குகிறது.

மரம் வீட்டு எல்லைக்குள் இருக்கிறதா, சாலையோரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சாலையோரக் கிளை என்றால் நகராட்சியிடமோ, நெடுஞ்சாலைத் துறையிடமோ முதலில் மனு கொடுக்க வேண்டும். அரசு நிலத்து மரத்தையே எடுக்க வேண்டும் என்றால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை.

கடைசி வெட்டு தண்டோடு ஒட்டியும் இருக்கக் கூடாது, நீளமாகக் குச்சி நீட்டிக்கொண்டும் நிற்கக் கூடாது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாக வீங்கிய ஒரு வளையம் தெரியும். அதற்கு வெளியே ஒட்டி வெட்டினால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். அதன் மேல் சிமெண்டோ பெயிண்டோ பூச வேண்டியதில்லை.